ஆச்சியின் ஊதுகுழல்: வன்னியில் ஐந்து நாள்

யூலை 11, வியாழன் – மாங்குளம், ஒட்டுசுட்டான்

மாங்குளம் சந்தியில் இறங்கியபோது சோளகக் காற்று ஒரு பிடி செம்மண்ணை அள்ளி முகத்தில் எறிந்து வரவேற்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலில் கண்ட சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய், நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. 400 ரூபா. இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்று கையால் மறைத்தேன். கடைக்கார அம்மா கையை விலக்கிவிட்டுப் போட்டார். "வெயிலுக்குள்ள போற ஆள், சாப்பிடுங்கோ." அந்தச் சோற்றுக்குக் காசு எடுக்கவில்லை.

எதற்காக வந்தேன் என்று சொல்ல வேண்டும். பேர்மிங்காமில் ஒரு ஏலக்கடையில் பழைய படைத் துவக்குகளைத் துடைத்து, முத்திரை பார்த்து, எந்த வருடம், எந்த மாதிரி என்று பட்டியல் எழுதுவது பதினொரு வருடமாக என் வேலை. ஊருக்கு வந்தால் இதைப்பற்றி வாய் திறக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் துவக்கு என்ற சொல்லை யாரும் பொழுதுபோக்குக்காகச் சொல்வதில்லை.

இந்த முறை மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி மாட்டிவிட்டார். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறார். கண்காட்சி வைக்க வீட்டிலுள்ள பழைய சாமான்களைக் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். உரல், திருகை, பித்தளைச் செம்பு எல்லாம் வந்தன. கூடவே ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி நிறைய இரும்பும் வந்தது. மச்சான் பெட்டியை வகுப்பில் வைத்திருக்காமல் நேரே பொலிசுக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்து, சுடக்கூடியது ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போன பிறகே எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த அளவில் கெட்டிக்காரர்.

"அத்தான், இதுக்குள்ள பண்டாரவன்னியன்ர ஆக்கள் பிடிச்ச துவக்கு ஏதும் இருக்குமோ?"

பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரை எதிர்த்துச் சண்டை பிடித்த வன்னி மன்னன். கேட்ட குரலிலேயே, இருக்கிறது என்ற பதிலை மட்டும்தான் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது.

யூலை 12, வெள்ளி – தகரப்பெட்டி

காலையில் குரக்கன் புட்டும் கட்டைச் சம்பலும். பிறகு முற்றத்து வேம்பின் கீழ் சாக்கை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தோம்.

முதலாவது சாமானிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ ஒரு பொடியன், பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து அலுமினியப் பெயின்ற் அடித்திருந்தான். துவக்கின் வயதைச் சொல்லும் முத்திரைகள் நகம் அளவு ஆழம்கூட இல்லாதவை. கறள் தின்று மிஞ்சியதை உப்புத்தாள் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு மரக்குச்சியால் சுரண்டினால் போதும். பொடியனைப் பேசவில்லை. அவன் அதை எவ்வளவு பெருமையாக நீட்டினான் என்று மச்சான் சொன்னார்.

பெட்டிக்குள் ஒழுங்காகப் பேசியது மூன்று சாமான்தான்.

ஒன்று, சுண்ணாம்புக் குப்பி. பிள்ளையின் அம்மம்மா வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்திருந்தாராம். விரல் நீளப் பித்தளைக் குப்பி, திருகு மூடி, மூடியோடு சேர்ந்து உள்ளே ஒரு சிறு கரண்டி. பிரித்தானியப் படையின் லீ என்ஃபீல்ட் ரைபிளின் பிடங்குக்குள், அதாவது தோளில் வைக்கும் கட்டைக்குள், ஒரு பொந்து இருக்கும். பிடங்கின் அடித்தகட்டில் உள்ள சின்னக் கதவைத் திறந்தால் இந்த எண்ணெய்க் குப்பியும், குழல் துடைக்கும் கயிறும் வெளியே வரும். எண்ணெய் தொட்டு வைக்கத்தான் அந்தக் கரண்டி. சுண்ணாம்பு எடுக்க அதைவிடப் பொருத்தமான கரண்டி செய்ய முடியாது! பித்தளையில் செய்தவை முந்தியவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரும்பிலும் பிறகு பிளாஸ்டிக்கிலும் வந்தன. அடியில் அகன்ற அம்புக்குறி தெரிந்தது. பிரித்தானிய அரசின் படைச் சாமான் என்பதற்கு அடையாளம் அது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படை அதைக் கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தம். குப்பியில் ஒன்றுதான்.

இரண்டாவது, ஒரு முழுப் பூட்டு. துவக்கின் வலப்பக்கத்தில், தட்டி வெடிக்கவைக்கும் குதிரையும் அதைத் தள்ளும் வில்லும் பொருத்திய தகட்டைத்தான் பூட்டு என்கிறோம். குதிரைக்குப் பின்னால் கிரீடம், அதன்கீழ் வி.ஆர். என்ற எழுத்து, விக்டோரியா ராணி, அதாவது 1837 முதல் 1901 வரைக்குள். முன்பக்கத்தில் ‘டவர்’ என்ற சொல்லும் 1862 என்ற இலக்கமும். மச்சான் துள்ளிவிட்டார். "அப்ப 1862ஆம் ஆண்டுத் துவக்கு!"

இல்லை. 1862ஆம் ஆண்டுப் பூட்டு. அவ்வளவுதான். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் துவக்கில் மருந்தைக் குழலின் வாயால் இட்டுக் கெட்டிக்க வேண்டும். 1866இல் அந்தத் துவக்குகளின் பின்பக்கத்தை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடி வைத்து, தோட்டா போடும் ஸ்னைடராக மாற்றினார்கள். பூட்டை மாற்றவில்லை. ஆகவே இந்தத் தகடு இரண்டில் எதிலிருந்தும் வந்திருக்கலாம். அதற்கு மேலே ஒரு வேடிக்கையும் இருந்தது. குதிரை இங்கிலாந்துக் குதிரையே இல்லை. லொறி வில்லுத்தகட்டை அரத்தால் அராவிச் செய்தது. எங்களூர்க் கொல்லர் ஒருவரின் கை. நல்ல கை. தகட்டில் வேறு இரண்டு துளை புதிதாகப் போட்டிருந்தது. யாரோ இந்தப் பூட்டை ஒரு இடியனில், ஊரில் செய்யும் வேட்டைத் துவக்கில், ஏற்றிப் பன்றி சுட்டிருக்கிறார்கள். குழல் தண்ணீர்க் குழாயாகவும் கட்டை முதிரையாகவும் இருந்திருக்கும். அந்தத் துவக்குக்கு எந்த வருடம் போடுவது? பூட்டுக்கு ஒரு வயது, குதிரைக்கு ஒரு வயது, குழலுக்கு இன்னொன்று. ஏலக்கடையிலும் இதே பிரச்சினைதான். லீ என்ஃபீல்டாக இருந்தால் குழல், உடல், பூட்டுக்கம்பி எல்லாவற்றிலும் ஒரே தொடரிலக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒன்று பிசகினாலே விலை இறங்கிவிடும்.

மூன்றாவதைத்தான் பிள்ளைகள் "லவ் பண்ணின துவக்கு" என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு பூட்டுத் தகடு; குதிரை இல்லை, வில் இல்லை, பாதி கறள். நடுவில் ஒரு இதய வடிவம். குறுக்கே இரண்டு கோடு நாலாகப் பிரிக்க, மேலே 4 போல ஒரு குறி. காதல் படம் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் அது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வியாபார முத்திரை. நாலு கூறுக்குள்ளும் வி, ஈ, ஐ, சி என்று எழுத்து இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ‘ஈ’ மட்டும். பகலில் அதுவும் தெரியவில்லை. இரவு கரண்ட் போன நேரம், ரோச்லைற்றைத் தகட்டோடு சாய்த்துப் பிடித்தபோதுதான் நிழல் விழுந்து எழுத்து எழும்பியது. பழைய இரும்பு படிக்கச் சாய்வெளிச்சத்தைப்போல் ஒன்றுமில்லை.

இந்த இதய முத்திரையைக் கம்பனி 1808 வரைதான் போட்டது. பிறகு கிரீடம் பிடித்த சிங்கம். கம்பனிப் படை இலங்கைக் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது 1795, 96இல். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது 1803 ஓகஸ்ட் 25. கணக்குப் பொருந்துகிறது. எனக்கே நெஞ்சு ஒருமுறை அடித்தது, சொல்லாமல் விடக்கூடாது.

"எந்தப் பிள்ளை கொண்டுவந்தது?"

மச்சான் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிட்டன் அத்தான்."

எந்த வளவில், எந்தக் குளக்கட்டில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று இனி யாருக்கும் தெரியாது. இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய இரும்பாகவும் இருக்கலாம். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மச்சான் வீட்டு அக்கா பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார்.

யூலை 13, சனி – முத்தையன்கட்டு

இன்றைய அரை நாள் வீணானது. ஆனால் வீணாகத்தான் வேண்டும்.

நான் வந்த செய்தி பரவி, ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தன் தோட்டத்து வரம்பில் "இன்னொரு குழல்" மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். இழுத்துப் பார்க்கலாம் வாங்கோ என்றார். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் மிதிவெடி அகற்றிய காணிகளின் பழைய குற்றிகள் இன்னும் நின்றன. வரம்பிலிருந்து ஐம்பது அடி தள்ளி நின்றே பார்த்தேன். சிவந்த இரும்பு, உருண்டை, இரண்டு விரல் தடிப்பு. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இரும்பை வன்னியில் தொடுவதற்கு நான் யார்? பொலிசின் 119க்கு அடிக்கச் சொன்னேன். ஆளுக்கு என்மேல் மனவருத்தம். லண்டனிலிருந்து வந்த நிபுணர் பயந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நான் பேர்மிங்காம், அதைத் திருத்தவில்லை.

மூன்றரை மணித்தியாலம் மரநிழலில். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு பை பாலைப்பழம் கொண்டுவந்து தந்தாள். மஞ்சள் மணிகள், தேன்போல இனிப்பு, பத்துப் பழத்துக்குமேல் உதடு பால் பிசினில் ஒட்டிக்கொள்ளும். வாய் திறக்க முடியாமல் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த நேரத்தில் பொலிசும் பின்னால் உரிய ஆட்களும் வந்தார்கள். பார்த்தார்கள், கருவி பிடித்தார்கள், தோண்டினார்கள். குழாய்க்கிணற்றுக் குழாய். தோட்டக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "2011இல இப்பிடித்தான் என்ர மாடு ஒண்டு போச்சு" என்று மெல்லச் சொன்னார். அப்படியானால் ஏன் இழுக்கப் பார்த்தீர் என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் முத்தையன்கட்டுக் குளத்தடியில் மச்சானின் பெரியம்மா முறையான ஆச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். குளத்து விரால் குழம்பு, புளி தூக்கலாக. எருமைத் தயிர். தயிருக்குமேல் தேன் ஊற்றித் தந்தார். ஆச்சிக்கு வயது எண்பதுக்கு மேல். காஸ் அடுப்பு மூலையில் மூடிக் கிடக்கிறது, விறகடுப்பில்தான் சமையல். குனிந்து, ஒரு இரும்புக் குழலை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார்.

நான் சாப்பாட்டை நிறுத்தினேன்.

ஒன்றரை முழ நீளம். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிகிறது. தண்ணீர்க் குழாய் அப்படி இராது. தடித்த பக்கத்தை யாரோ அரிந்து எடுத்திருக்கிறார்கள். புகையில் கறுத்து, எண்ணெய் ஊறி, கறளே இல்லை. அறுபது வருடமாக அடுப்பங்கரையில் இருந்த இரும்பை எந்த அருங்காட்சியகமும் அதைவிட நன்றாகக் காத்திருக்காது. கையைக் கழுவிவிட்டு, விட்டம் அளக்கும் வேர்னியரை எடுத்தேன். உள்விட்டம் 19 மில்லிமீற்றர். உள்ளே சுரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம், இல்லை, மொழுமொழு. லீ என்ஃபீல்ட் என்றால் 7.7தான் வரும், மார்ட்டினி ஹென்றி 11.4, என்ஃபீல்டும் ஸ்னைடரும் 14.7. 19 என்றால் முக்கால் அங்குலம், சிக்கிமுக்கிக் கல் மஸ்கற். ‘பிரவுன் பெஸ்’ என்று வெள்ளைக்காரர் செல்லமாகக் கூப்பிட்டது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கிரீடம். அதன்கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல். இங்கிலாந்து அரசுப் படைக்கலப் பகுதி, குழல் வெடிக்காது என்று சோதித்து அடித்த முத்திரை.

மச்சான் என் தோளைப் பிடித்தார். கை நடுங்கியது. "1803?"

இதே முக்கால் அங்குலக் குழலைத்தான் பிரித்தானியர் நூறு வருடத்துக்குமேல் தூக்கித் திரிந்தார்கள். 1839க்குப் பிறகு கேப்பு வைத்து வெடிக்கும் முறை வந்து, கல் துவக்குகள் கழிக்கப்பட்டன. குழலின் பின்முனை இருந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். முழு நீளம் இருந்தாலும் உதவும். 1797இல் அரசுப் படை எடுத்துக்கொண்ட ‘இந்தியா மாதிரி’க்கு 39 அங்குலக் குழல், முந்தியவை அதைவிட நீளம். இரண்டுமே அரிந்துபோயின. ஆகவே, 18ஆம் நூற்றாண்டு அல்லது 19இன் முற்பாதி. இதைச் சொன்னபோது மச்சானின் முகம் விழுந்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆச்சியிடம் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டோம்.

"மாமியார் தந்தவ. அவவுக்கு ஆர் குடுத்ததோ! ஏன் மோனை?"

"பழைய துவக்குக் குழல் ஆச்சி. இருநூறு வருசம் இருக்கும். பள்ளிக்கூடக் கண்காட்சியில வைக்கலாம்."

"துவக்கோ?" ஆச்சி குழலைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் எதால ஊதிறது?"

யூலை 14, ஞாயிறு – கற்சிலைமடு, வற்றாப்பளை, முல்லைத்தீவு

மச்சான் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போனார். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தான் என்று சொல்லும் நினைவுக்கல் நட்ட இடம். ஓகஸ்டில் முல்லைத்தீவை விட்டுக் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓடிய அதே கப்டன்தான். வென்றவனுக்காக நட்ட கல்லைத் தோற்றவனின் பெயருக்காக நாங்கள் தேடிப் போகிறோம். வெயில் தாங்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில், தெருவோரத்தில் ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அலவாங்குக்குப் பதில் முதிரைக் குற்றியில் செருகிய மூன்று பட்டை இரும்பு. இரண்டு குத்து, ஒரு திருப்பு; மட்டை கழன்றது. நந்திக்கடல் காற்று தும்பைப் பறக்கடித்தது.

பயனெற், துவக்கின் முனைக் கத்தி. குழல் வாயில் மாட்டும் பொருத்துக்குழாயில் குற்றியை நுழைத்து, கத்தி மேலே பார்க்கும்படி கச்சிதமாக நட்டிருந்தார்.

"என்ர பூட்டன், டிறிபேர்க்கின்ர ஆமிக்காரனிட்டப் பறிச்சது" என்றார், நான் கேட்காமலேயே.

குந்தியிருந்து பார்த்தேன். பொருத்துக்குழாயின் நடுவில் ஒரு வளையம், கறளில் இறுகிப்போய். பயனெற் கழன்று விழாமல் திருகி இறுக்கும் வளையம். பிரெஞ்சுக்காரர் இதை முன்பே வைத்திருந்தார்கள். பிரித்தானியப் படையில் 1853 மாதிரியோடுதான் பரவியது. பிரவுன் பெஸ்ஸின் பயனெற்றில் வளையம் இல்லை. டிறிபேர்க்கின் ஆள் இதைக் கண்டிருக்க மாட்டான்.

சொல்வதா, விடுவதா? மச்சான் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் சொன்னேன். பதினொரு வருடப் பழக்கம். பட்டியலில் பொய் எழுத வராது. அவர் கத்தியைப் பார்த்தார். அடுத்த தேங்காயை எடுத்துக் கொஞ்சம் பலமாகவே குத்தினார். பிறகு செவ்விளநீர் இரண்டு வெட்டித் தந்தார். ஒன்று 150 ரூபா. வாய் மூடி இருந்திருந்தால் சும்மா தந்திருப்பாரோ என்னவோ.

முல்லைத்தீவில் இறால் பொரியலோடு மத்தியானச் சோறு, 750 ரூபா, கொடுத்த காசுக்கு மோசமில்லை. கச்சான் இரண்டு பை வாங்கினேன்.

திரும்பும் வழியில் மறித்துப் பையைப் பார்த்தார்கள். வேர்னியர், ரோச், கச்சான், பென்சில் தேய்த்த தாள்கள். அங்கேதான் வினை. "மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்டு, இளம் பொலிஸ்காரர் கிரீடத்தையும் செங்கோலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மச்சான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் துவக்கு என்ற சொல்லைச் சொல்லித் தொலைத்தார். நாற்பது நிமிடம். மேலிடத்துக்குப் போன் போனது, வந்தது. பெட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர் நல்லகாலம் அன்று கடமையில் இருந்தார். கடைசியில் இதயம் போட்ட தாளைக் கண்டு பொலிஸ்காரர் சிரித்தார். தன் காதலிக்குக் காட்டப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். கச்சான் ஒரு பை கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

யூலை 15, திங்கள் – ஒட்டுசுட்டான்

காலையில் ஹாட்வெயார் கடையில் முக்கால் அங்குலக் கல்வனைஸ் குழாய், இரண்டடி, 680 ரூபா. முனையை அரத்தால் மழுக்கித் தந்தார் கடைப் பொடியன். அதற்குக் காசு வேண்டாம் என்றான். ஆச்சியிடம் கொடுத்து மற்றதை வாங்கினோம். ஆச்சி சிரித்தார், ஆனால் பழைய குழலைக் கையால் தடவிவிட்டுத்தான் தந்தார்.

பிறகு அட்டை எழுதும் சண்டை. மச்சான் ‘பண்டாரவன்னியன் காலத்துத் துவக்குக் குழல்’ என்று எழுதியிருந்தார். நான் வெட்டினேன். ‘பண்டாரவன்னியன் காலத்ததாக இருக்கலாம்’ என்றார். அதையும் வெட்டினேன். "பிள்ளையள் என்னத்தைப் பாக்க வாறது அத்தான், 19 மில்லிமீற்றரையோ?" என்று கத்தினார். அக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் இப்படி நின்றது: ‘ஆங்கிலேய மஸ்கற் துவக்கின் குழல். உள்விட்டம் 19 மி.மீ. 18ஆம் நூற்றாண்டு அல்லது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி. முத்தையன்கட்டில் குறைந்தது இரண்டு தலைமுறை அடுப்பு ஊதியது.’ கடைசி வரி அக்கா சொன்னது.

யூலை 27, சனி – யாழ்ப்பாணத்திலிருந்து

மச்சான் போன் எடுத்தார். கண்காட்சி முடிந்துவிட்டது. பிள்ளைகள் அதிகம் கூடி நின்றது இதயம் போட்ட தகட்டுக்கு முன்னால்தானாம். குழலைத் தொட்டுப் பார்க்கலாம் என்று விட்டாராம். ஒரு வாண்டு வாயில் வைத்து ஊதியும் பார்த்தானாம்.

ஆச்சியும் வந்திருக்கிறார். மகனின் மோட்டார் சைக்கிளில், நல்ல சேலை உடுத்தி. அட்டையை ஒரு பிள்ளையைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்டாராம். பிறகு மச்சானைத் தனியாகக் கூப்பிட்டாராம்.

"புதுக்குழல் வாயில கசக்குது மோனை. உங்கட அலுவல் முடிஞ்சா அதைத் தாங்கோ."